சாவியைத் தா மச்சான்

இன்று பட்டம் வாங்கும் பிள்ளைகளே,

ரொறொன்ரோவிலிருந்து கிழக்கே கொஞ்சத் தூரம் ஓடினால் அஜாக்ஸ். 1941இல் அது ஊரே இல்லை, பிக்கரிங் வட்டாரத்து வயல். அங்கே எறிகணைகளுக்கு வெடிமருந்து நிரப்பும் ஆலை கட்டினார்கள். ஒன்பதாயிரம் பேர்வரை, பெரும்பாலும் பெண்கள், வேலை செய்து நாலு கோடி எறிகணைகளை நிரப்பி அனுப்பினார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ரொறொன்ரோ பல்கலைக்கழகம் அந்தக் கட்டடங்களை எடுத்து, 1946 முதல் 1949 வரை, திரும்பிவந்த படைவீரர்களுக்குப் பொறியியல் படிப்பித்தது. கட்டடத்தை மாற்றுவது அவ்வளவு சுலபம். கோபத்தோடு நிற்கிற பெடியனை மாற்றுவது வேறு வேலை.

2000ஆம் ஆண்டளவில் ஸ்காபரோவில் ஒரு மருத்துவமனை அவசரப் பிரிவில் இரவு வேலை பார்த்தேன். நம்முடைய பெடியன்களின் குழுச்சண்டை செய்தியாகிக்கொண்டிருந்த காலம். 1997 டிசம்பரில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் படித்த ஒரு தமிழ் மாணவனை ஆள்மாறிச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். ஒரு சனி இரவு, தோளில் வெட்டுக்காயத்தோடு ஒருவனைக் கொண்டுவந்தார்கள். தைத்துக்கொண்டே கேட்டேன்: "என்ன நடந்தது தம்பி?"

"அவன் பார்த்தவன், டொக்டர்."

"பார்த்து என்ன செய்தவன்?"

"பார்த்தவன்."

வெளியே அவனுடைய சினேகிதர் ஆறேழு பேர். ஒருவன் பேஜரைப் பார்க்கிறான், ஒருவன் பொதுத் தொலைபேசியில் கிசுகிசுக்கிறான். அடுத்து யாரைக் கொண்டுவரப்போகிறார்கள் என்று எனக்கு விளங்கிவிட்டது. அந்த நேரத்தில் ஒரு பல்கலைக்கழக மாணவன் வந்தான். கனடியத் தமிழ் இளைஞர் அபிவிருத்தி மையம் போன்றவற்றை மாணவர்களே தொடங்கிய ஆண்டுகள் அவை. இவனும் அப்படிப்பட்ட பிள்ளை. இரண்டு பக்கத்தையும் தெரிந்தவன். புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. கார் வைத்திருந்தவனிடம் போய், "சாவியைத் தா மச்சான், ரிம் ஹோர்ட்டன்ஸ் போகோணும்" என்றான். கோப்பி வந்தது. சாவி திரும்பவில்லை. அது எங்கே என்று கேட்கும்போதெல்லாம் கிரிக்கெட் கதைத்தான். விடியும்போது பாதிப்பேர் நாற்காலியிலேயே நித்திரை.

ரொறொன்ரோவில் 2005இல் 80 கொலைகள், அதில் 52 துப்பாக்கியால். 2018இல் தொண்ணூறுக்கு மேல். அந்தச் சனி இரவு எந்தக் கணக்கிலும் வராது. ஆனால் என் தொழில் வாழ்க்கையில் நான் பார்த்த மிகச் சிறந்த சிகிச்சை அதுதான். ஆப்பிரிக்காவில் கொலராவோடும் எய்ட்ஸோடும் போராடித் திரும்பிய கரி ஸ்லட்கின் என்ற மருத்துவர், 2000இல் சிக்காகோவில் இதையே ஒரு திட்டமாக்கினார். வன்முறையும் தொற்றுகிறது, ஆகவே பரவும் இடத்தில் மறிக்க வேண்டும் என்றார். தெருவில் மதிப்புள்ள ஆட்களை வேலைக்கு வைத்து, பழிவாங்கப் போகுமுன் இடையில் நிற்கச் செய்தார்.

இடையில் நிற்பது பாதுகாப்பான வேலை என்று நான் பொய் சொல்லமாட்டேன். யாழ் மருத்துவ பீடத்தில் எங்களுக்கு உடற்கூற்றியல் சொல்லித்தந்தவர் ரஜனி திராணகம. நரம்பு நரம்பாகக் கேள்வி கேட்பார். விடை தெரியாதவர்கள் பின்வாங்கில் ஒளிவோம். எங்கள் ஊர்ப் போரில் எந்தப் பக்கத்துத் துப்பாக்கியையும் விட்டுவைக்காமல் எழுதினார். 1989 செப்டம்பர் 21, சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொன்றார்கள். வயது 35. அதனால்தான் சொல்கிறேன், துப்பாக்கி வருமுன், ஒருவன் இன்னொருவனைப் பார்க்கிற கட்டத்திலேயே, யாராவது அங்கே நிற்கவேண்டும்.

பிக்கரிங்கிலும் அஜாக்ஸிலும் பள்ளி விட்ட பிறகு பிள்ளைகளோடு நிற்க ஆட்கள் தேவை. வாரத்தில் இரண்டு மணித்தியாலம். சம்பளம் இல்லை, கோப்பிக்கும் உங்கள் காசுதான். வாசலில் மேசை போட்டு ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். படம் எடுத்து முடிந்ததும் வந்து பெயர் எழுதுங்கள், நாலு மணிவரை அங்கேதான் இருப்பேன்.