பழுதுற்ற வன்தட்டும் நம் ஆவணங்களும்

(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் சாதனைகளைச் சொல்வதே மரபு. எங்களுக்கு அளிக்கப்பட்டுள்ள நேரத்தில் ஒரு தவற்றைச் சொல்ல அனுமதி வேண்டுகிறோம். தவறு பிறருடையதன்று, அலுவலகப் பொறுப்பிலிருந்த எங்கள் நால்வருடையது.

2023-ஆம் ஆண்டு சூன் மாதம். கல்லூரிச் சேர்க்கை மும்முரமாக நடந்துகொண்டிருந்த வேளை. சங்க அலுவலகக் கணிப்பொறி இரண்டு மூன்று நாட்களாகவே மந்தமாயிருந்தது. ஒரு கோப்பைத் திறக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. நான்காம் நாள் காலையில் பெட்டிக்குள்ளிருந்து, பல்லி கத்துவது போல ‘டிக், டிக்’ என்ற ஓசை எழுந்தது. திரையில் எதுவும் வரவில்லை. அணைத்துப் போட்டோம், மீண்டும் அணைத்துப் போட்டோம். அவ்வாறு ஏழெட்டு முறை செய்தோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

அந்தப் பெட்டிக்குள் இருந்தவை யாவை? 1999-இல் சங்கம் தொடங்கிய நாள் முதலான கூட்ட நடவடிக்கைக் குறிப்புகள், இரவுப் பள்ளியின் வருகைப் பதிவுகள், உதவித்தொகை பெற்றோரின் பட்டியல்கள், உறுப்பினர் குடும்பங்களின் சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் நகல்கள். அந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய மாணவி ஒருவரின் வீடு முந்தைய கோடையில் எரிந்துபோயிருந்தது. கூரையோடு தாள்களும் சாம்பலாயின. சான்றிதழ் புதிதாகப் பெறச் சென்றால் தகப்பனாரின் சான்று எங்கே என்று கேட்பார்கள் என்பதை இந்த அவையில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்தத் தகப்பனாரின் சான்றிதழ் நகல் நம் கணிப்பொறியில் மட்டுமே இருந்தது. கல்லூரியில் சேர இன்னும் பன்னிரண்டு நாட்களே எஞ்சியிருந்தன.

நகல் எடுத்து வைக்கவில்லையா என்று கேட்பீர்கள். எடுத்து வைத்தோம். வாரந்தோறும் ‘சி’ என்ற பகுதியிலிருந்து ‘டி’ என்ற பகுதிக்குத் தவறாமல் நகலெடுத்தோம். இரண்டும் ஒரே தட்டின் இரு பகுதிகள் என்பதை நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. ஒரே பானையில் இரண்டு பக்கமாக நெல்லைக் குவித்துவிட்டு இரண்டு பானை நெல் இருப்பதாக நம்பியிருந்தோம்.

பழுது பார்க்கும் கடை ஒன்றில் கேட்டோம். ‘ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும், ஒரு மணி நேரத்தில் தருகிறோம்’ என்றார்கள். கணிப்பொறி சரியாகியிருக்கக்கூடும், ஆவணங்கள் போயிருக்கும். நம் இரவுப் பள்ளியில் படித்துப் பாலிடெக்னிக் முடித்த இளைஞர் ஒருவர்தாம் அன்று எங்களைத் தடுத்தார். அவர் சொன்ன முதற்சொல், ‘மின்சாரத்தைப் பிடுங்குங்கள்’ என்பதே. அதன் காரணத்தை அவர் விளக்கியவாறே இங்குச் சொல்கிறோம்.

வன்தட்டினுள் காந்தப் பூச்சுடைய வட்டத் தகடுகள் நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கின்றன. படிக்கும் முனை அத்தகட்டைத் தொடுவதில்லை. சுழற்சியால் எழும் காற்றின்மேல் மிதந்து செல்கிறது. அந்த இடைவெளி தலைமயிரின் தடிமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. முனை பழுதுற்றுத் தகட்டில் உரசினால் பூச்சு துகளாக உதிரும். அத்துகள் மேலும் கீறும். ஆகவே ‘இன்னொரு முறை போட்டுப் பார்ப்போம்’ என்று நாம் பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும், எஞ்சியிருப்பதையும் சுரண்டிக் கொண்டிருக்கலாம். 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுக் கருவியில் இரண்டடி விட்டமுள்ள 50 தகடுகள் இருந்தும் அது கொண்டது 50 இலட்சம் எழுத்துகளே. இன்றோ உள்ளங்கையளவு பெட்டியில் ஓர் ஊரின் வரலாறே அடங்குகிறது. இழப்பும் அதே அளவிற்குப் பெரிதாகிவிட்டது.

அவர் வன்தட்டைக் கழற்றி வேறொரு கணிப்பொறியில் துணைத்தட்டாக இணைத்தார். பென் டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கி, வன்தட்டு தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் ‘ஸ்மார்ட்’ குறிப்பைப் படித்தார். படிக்க முடியாமல் நிலுவையில் நின்ற பகுதிகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. எனினும் தட்டு சுழன்றது, அடையாளம் காணப்பட்டது. அடையாளமே காணப்படாதிருந்தால் தூசற்ற அறை வைத்திருக்கும் மீட்பு நிலையத்திற்குத்தான் அனுப்பியிருக்க வேண்டும். அதற்குப் பல ஆயிரம் ரூபாய் செலவாகும். வீட்டில் வைத்துத் திறந்தால் ஒரு தூசே போதும், யாவும் முடிந்துவிடும். குளிர்பதனப் பெட்டியில் வைத்தெடுத்தால் பிழைக்கும் என்று எங்களில் ஒருவர் கேள்விப்பட்டதைச் சொன்னார். உள்ளே நீர் கோத்தால் இருப்பதும் கெடும் என்று மறுத்துவிட்டார்.

கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க நாங்கள் துடித்தோம். அதற்கும் அவர் இசையவில்லை. முதலில் தட்டு முழுவதையும் உள்ளது உள்ளபடி புதிய தட்டொன்றிற்கு நகலெடுக்க வேண்டும். தேடுவதும் திருத்துவதும் நகலின் மேல்தான் என்றார். அதற்கு அவர் பயன்படுத்தியது ‘டிடிரெஸ்க்யூ’ என்னும் இலவச நிரல். தேர்வில் தெரிந்த வினாக்களுக்கு முதலில் விடையெழுதி, கடினமானவற்றை விட்டுச் சென்று, பின்னர்த் திரும்பி வரும் மாணவனைப் போன்றது அது. நல்ல பகுதிகளை முதலில் விரைந்து எடுத்துக்கொள்ளும். இடறும் இடங்களைத் தாண்டிச் செல்லும். பிறகு அவற்றின் ஓரங்களிலிருந்து சிறிது சிறிதாகக் கரைக்கும். எங்கு விட்டோம் என்பதைத் தனிக் கோப்பில் குறித்து வைப்பதால், இடையில் மின்சாரம் போனாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. இருமுறை மின்சாரம் போகத்தான் செய்தது.

மூன்று இரவும் பகலும் அது ஓடிற்று. அலுவலகத்தில் மாறி மாறிப் படுத்திருந்தோம். முதல் நாளிலேயே பெரும்பகுதி வந்துவிட்டது; எஞ்சிய சிறு பகுதிக்கே இரண்டு நாள் ஆயிற்று. நான்காம் நாள் காலையில், இனி வராது என்று அவரே நிறுத்தினார்.

பெரும்பாலான கோப்புகள் பெயரோடு வந்தன. ஆனால் சான்றிதழ்கள் இருந்த கோப்புறையின் அட்டவணை சிதைந்திருந்தது. அங்கு ‘போட்டோரெக்’ என்ற மற்றொரு நிரலை நகலின் மேல் இயக்கினார். கோப்பின் பெயரைப் பாராமல் அதன் தொடக்கக் குறியை வைத்தே இது படம், இது ஆவணம் என்று கண்டெடுக்கும் நிரல் அது. ஆவணங்கள் வந்தன, பெயர்கள் வரவில்லை. ஓர் ஆங்கில எழுத்தும் நீண்ட எண்ணுமாக ஆயிரக்கணக்கான படங்கள் கிடந்தன.

அடுத்து நடந்ததே எங்கள் நெஞ்சைவிட்டு அகலாதது. தெருவிலிருந்து மூத்த தாய்மார்கள் வந்து திரையின் முன் அமர்ந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அவர்களுள் இருந்தனர். மங்கிய புகைப்படத்தைக் கண்டதும், ‘இது மேலத்தெரு மாரியின் மூத்த மகன், இது அவன் தம்பி’ என்று சொல்லச் சொல்ல, கல்லூரி மாணவியர் பெயரைத் தட்டச்சு செய்தார்கள். இரவுப் பள்ளிக்கு ஒரு நாளும் வந்திராத பாட்டி ஒருவர் நாற்பதுக்கும் மேற்பட்ட முகங்களுக்குப் பெயர் தந்தார். இரண்டாம் நாள் மாலையில் அந்தத் தகப்பனாரின் சான்றிதழ் கிடைத்தது. முத்திரையின் ஒரு மூலை சிதைந்திருந்தது. எண்ணும் தேதியும் தெளிவாயிருந்தன. அந்த எண்ணைக் கொண்டு அலுவலகப் பதிவேட்டில் மூலத்தைத் தேடியெடுத்தார்கள். அந்த மாணவி இன்று இரண்டாம் ஆண்டு படிக்கிறார். இந்த அரங்கில்தான் அமர்ந்திருக்கிறார்.

வராததும் உண்டு. சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான, மறைந்த எங்கள் முதல் ஆசிரியர், இரவுப் பள்ளி தொடங்கிய கதையைத் தம் குரலில் ஒரு மணி நேரம் பேசியிருந்தார். அந்த ஒலிக்கோப்பு கீறல் விழுந்த பகுதியில் இருந்தது. தொடக்கத்தில் சில நிமிடங்கள் கேட்கின்றன. இருமுகிறார், தண்ணீர் கேட்கிறார், ‘அப்போது மண்ணெண்ணெய் விளக்குதான்’ என்கிறார். அதற்குமேல் இரைச்சல்.

நம்மவர் எழுத்துகள் இவ்வாறு மறைவது புதிதன்று. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னையில் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழில் எழுதியவை, 1999-இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்துப் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த பின்னரே நம்மில் பலர் கைக்கு எட்டின. பழைய தாள்களை எவரோ எங்கோ காத்து வைத்திருந்தமையால்தான் அதுவும் இயன்றது.

இப்போது சங்கத்தின் ஆவணங்கள் மூன்று இடங்களில் உள்ளன: அலுவலகத்தில் ஒன்று, அடுத்த ஊரில் செயலாளர் வீட்டில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று. மாதத்தின் முதல் ஞாயிறன்று இரு இளைஞர்கள் அவற்றைத் திறந்து சரிபார்த்துப் பதிவேட்டில் கையெழுத்திடுகிறார்கள். ஓசையெழுப்பிய பழைய தட்டைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறோம்.

ஒரு வேண்டுகோள். ஆசிரியர் அன்று பேசியதை உறுப்பினர் எவரேனும் தம் கைப்பேசியிலோ பழைய ஒலிநாடாவிலோ பதிந்திருக்கக்கூடும். இருப்பின், அது எத்தனை தெளிவற்றதாயினும் அலுவலகத்திற்குக் கொண்டுவாருங்கள். நகலெடுத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பித் தந்துவிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணி முதல் நாங்கள் அங்கிருப்போம்.