சொறிகிற நாயை விரட்டலாமா?



கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கேமரன்மலையின் பிரிஞ்சாங். மழைக்காலத்தில் கொடியில் போட்ட போர்வை லேசில் காயாது. தேயிலைத் தோட்டத்து வீடுகளில் பழைய போர்வை ஒன்று அடுப்படி மூலைக்குப் போய்ச் சேரும். அதுதான் வீட்டு நாயின் படுக்கை. ஒருநாள் நாய் சொறியத் தொடங்குகிறது. வாலடியில் முடி கொட்டுகிறது, தோல் சிவக்கிறது. "பிள்ளைகள் இருக்கிற வீடு, கொண்டுபோய் பசாரில் விட்டுவிடுங்கள்" என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா.

'சொறிநாய்' என்பது நம்மிடையே ஒரு வசைச்சொல். ஆனால், சொறிகிற நாயெல்லாம் நோயைப் பரப்பும் நாயல்ல. பல நாய்களுக்கு இருப்பது ஒவ்வாமை, அதாவது அலர்ஜி. அது மனிதருக்கும் ஒட்டாது, மற்ற நாய்க்கும் ஒட்டாது.

எங்கே சொறிகிறது?

முதலில் இதைக் கவனியுங்கள். வாலடியிலும் பின்தொடையிலும் கடித்துக்கொண்டே இருந்தால், தெள்ளுப்பூச்சியின் எச்சில் ஒத்துக்கொள்ளாத அலர்ஜியாக இருக்கலாம். ஒன்றிரண்டு கடியே போதும் என்பதால் பூச்சி கண்ணில் படாமலும் போகலாம். நாயைச் சீப்பால் வாரி, உதிரும் கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைத் தாளில் போடுங்கள். செம்பழுப்பாகக் கசிந்தால் அது பூச்சியின் கழிவு.

பாதத்தை ஓயாமல் நக்கி, முகம், காது, அக்குள், அடிவயிறு எனச் சொறிந்தால் தூசிப்பூச்சி, பூஞ்சணம், மகரந்தம் ஆகியவற்றில் ஒன்று காரணமாகலாம். இது பெரும்பாலும் 6 மாதத்துக்கும் 3 வயதுக்கும் இடையே தொடங்கும். உணவு அலர்ஜியும் இதே இடங்களில்தான் தெரியும். மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமை ஆகியவையே அதில் முன்னணியில் நிற்பவை.

காது ஓரமும் முன்னங்கால் முட்டியும் சொறிபிடித்து, வீட்டாருக்கும் அரிப்பு வந்தால் அது அலர்ஜி அல்ல, சொறிப்பூச்சியாக இருக்கலாம். வட்ட வட்டமாக முடி உதிர்ந்தால் படர்தாமரையாக இருக்கலாம். இவை இரண்டும் ஒட்டும். ஆனால் இவற்றுக்கும் மருந்து உண்டு. தெருவில் விட்டால் நோய்தான் பரவும்.

செய்யக் கூடாதவை

சில வீடுகளில் பழைய எஞ்சின் எண்ணெயைத் தடவுகிறார்கள். நாய் அதை நக்கும். தோல் வெந்துபோவதோடு, ஈரலும் சிறுநீரகமும் கெடலாம். கிருமிநாசினியை ஊற்றிக் குளிப்பாட்டுவதும் ஆபத்து. மனிதருக்கான ஸ்டீராய்டு மாத்திரை அரிப்பை உடனே அடக்கும். ஆனால் மருத்துவர் சொல்லாமல் கொடுத்துவந்தால் தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், புண் ஆறாமை எனப் பின்விளைவுகள் வரிசையாக வரும்.

செய்ய வேண்டியவை

தெள்ளுப்பூச்சிக்கு மருந்து போட்டால் வீட்டிலுள்ள எல்லா நாய்க்கும் பூனைக்கும் போட வேண்டும். நாய்க்கான மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள், சில வகை பூனையின் உயிரையே வாங்கிவிடும். முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் நாயின் மேல் அல்ல, படுக்கையிலும் தரையிடுக்கிலும்தான் கிடக்கின்றன. எனவே அந்த அடுப்படிப் போர்வையை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து, நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். குறைந்தது 3 மாதம் விடாமல் செய்தால்தான் பலன்.

குளியலுக்கு நாய் ஷாம்புதான் நல்லது. நம் தோலும் நாயின் தோலும் ஒன்றல்ல. மருந்து ஷாம்பு என்றால் நுரையை 10 நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். மலைக்குளிரில் ஈரத்தோடு விட்டுவிடாமல், விரலிடுக்கு வரை துடைத்துவிடுங்கள்.

உணவில் சந்தேகம் இருந்தால், மருத்துவர் சொல்லும் புதிய உணவு ஒன்றை மட்டும் 8 வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். இடையில் பிள்ளைகள் ஒரு கோழித்துண்டைப் போட்டாலும் சோதனை வீண்தான்.

கெட்ட வாடை, சீழ், காதில் அழுக்கு இருந்தால் கிருமி சேர்ந்துவிட்டது என்று பொருள். கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள். அமெரிக்காவில் 2013இல் அனுமதி பெற்ற ஓக்லாசிட்டினிப் மாத்திரை போன்ற புதிய மருந்துகளும் இன்று உள்ளன. சிக்கலான நோய்க்கு, செர்டாங்கில் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனையும் இருக்கிறது.

அலர்ஜி பெரும்பாலும் அடியோடு தீராது. ஆனால் கட்டுக்குள் வைக்கலாம். வீட்டில் ஆஸ்துமா உள்ள பிள்ளையை யாராவது பசாரில் விட்டுவருவார்களா? காவல் காத்த நாய்க்கும் அந்தப் பொறுமையில் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.