வீட்டிலோர் ஒலிப்பதிவுக் கூடம்

(சங்க மண்டபத்தில் வாலிப அங்கத்தவர் சார்பில் நிகழ்த்திய பேச்சு)



சென்ற ஆண்டு நிர்வாக சபைக் கூட்டத்தில் வாலிபராகிய நாம் ஒரு விண்ணப்பஞ் செய்தோம். சங்கத்தின் பஜனைக் குழுவினர் பாடும் பாடல்களையும், எம் மத்தியில் வாழும் முதியோர் பாடும் திருமுறைகளையும் ஒலிப்பதிவு செய்து வைத்தல் வேண்டும். அதற்கு எழுபத்தையாயிரம் ரூபா தந்துதவுக என்பதே அவ்விண்ணப்பம். "இலட்சக்கணக்கிற் செலவிட்டுக் கட்டுகின்ற கூடத்தை நீங்கள் படுக்கையறையிலா அமைக்கப் போகிறீர்கள்?" என்று பெரியவர் ஒருவர் கேட்டார். சபையிற் சிரிப்பொலி எழுந்தது. ஆயினும் பணந் தந்தீர்கள். அந்தப் பணத்துக்குக் கணக்குக் கூறவே இன்று நிற்கின்றோம்.

படுக்கையறை என்பது நகைப்புக்குரியதன்று. 1902ஆம் ஆண்டு கிராமபோன் கம்பனியின் பிரெட் கைஸ்பேர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தது ஒரு ஹொட்டேல் அறையிலேதான். எமது கொழும்பிலும் நிகழ்ந்தது அதுவே. 1920களின் தொடக்கத்தில் எட்வேர்ட் ஹார்ப்பர் என்னும் தந்தி இலாகாப் பொறியியலாளர், முதலாம் உலக யுத்தத்திற் பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிப் பாகங்களைக் கொண்டு ஒலிபரப்பி அமைத்து, மத்திய தந்தி நிலையத்தின் சிற்றறையொன்றிலிருந்து கிராமபோன் இசையை ஒலிபரப்பினார். 1925 மார்கழியில் முறையாகத் தொடங்கிய இலங்கை வானொலியின் வேர் அந்தச் சிற்றறையே. 1992இல் 'ரோஜா' படத்துக்கு இசையமைத்த ஏ. ஆர். ரஹ்மானின் கூடமும் கோடம்பாக்கத்தில் அவருடைய வீட்டுப் பின்வளவில் அமைந்ததாகும். இவை போக, 2019இல் வெளியாகி உலகெங்கும் பரவிய பில்லி ஐலிஷ் என்னும் அமெரிக்கப் பெண்ணின் இசைத்தொகுப்பு, பெற்றோர் வீட்டில் அவருடைய தமையனாரின் படுக்கையறையிற் பதிவாயிற்று. ஆகவே கேள்வி கேட்ட பெரியவருக்கு நாம் விடை கூறிவிட்டதாக எண்ணுகின்றோம்.

நிற்க. கூடம் அமைப்பதில் முதற் செலவு பணமன்று, மௌனம். அதைக் கொழும்பில் எங்கே வாங்குவது? வெள்ளவத்தையில் முதலில் ஓர் அறையைத் தெரிந்தோம். ஒரு புறம் காலி வீதியின் பஸ் வண்டிகள். மறு புறம் கடலோரமாய் ஓடும் புகைவண்டி. மேல் மாடியிற் பிரஷர் குக்கர் சீழ்க்கையடிக்கும். பிற்பகலிற் காகங்கள் தம் சங்கக் கூட்டத்தை எம் ஜன்னலில் நடத்தும். பின்னர் கொட்டாஞ்சேனையில் அங்கத்தவர் ஒருவரின் வீட்டு உள்ளறைக்கு மாறினோம். அங்கே தெருவோசை குறைவு. ஆனாற் கோயில் மணியும் தேவாலய மணியும் மாறி மாறிக் கேட்கும். அவற்றை நிறுத்தச் சொல்ல நாம் யார்? இரவு பத்தரை மணிக்குப் பின் பதிவு செய்வது என்று முடிவு செய்தோம். வெளியோசையைத் தடுப்பது கனமான சுவரும் இடைவெளியில்லாத கதவுமே. முட்டைத் தட்டுக்களைச் சுவரெங்கும் ஒட்டினால் ஓசை வராது என்று பலர் நம்புகின்றனர். நாமும் நம்பி, கடை கடையாய் அலைந்து நூற்றிருபது தட்டுச் சேர்த்தோம். பஸ்சின் இரைச்சல் முன்போலவே உள்ளே வந்தது. தட்டுக்கள் கரப்பான்பூச்சிகளுக்கு உபயோகமாயின.

அறைக்குள்ளே எழும் எதிரொலி வேறு விஷயம். வெறுஞ் சுவர் அறையில் நின்று கை தட்டினால் 'டிர்ர்' என்று ஒரு நடுக்கம் கேட்கும். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையில் ஒலி மோதித் திரும்புவதே அது. சேர் பொன். இராமநாதன் கருங்கல்லால் எழுப்பிய பொன்னம்பலவாணேசர் கோயில் மண்டபத்தில் நின்று பாடினால் அதே எதிரொலி பாட்டுக்கு மகிமை தருகின்றது. பத்தடி அறையிலோ அது குரலைத் தகரப் பேணிக்குட் போட்டதுபோலாக்கிவிடும். இதற்கு மருந்து வீட்டிலேயே உண்டு. இரண்டு பஞ்சு மெத்தைகளைப் பாடுபவரின் பின்னும் பக்கத்திலும் நிறுத்தினோம். சேலைகள் நிறைந்த அலுமாரியின் கதவைத் திறந்து வைத்தோம். வீட்டு அம்மா முதலில் மறுத்தார். தம் கூறைச் சேலையும் சங்கீதத்துக்கு உதவுகின்றது என்று அறிந்தபின் தாமே திறந்து வைக்கின்றார்.

இனிக் கருவிகள். ஒலிவாங்கியில் இரு வகை உண்டு. கண்டென்சர் வகை நுட்பமானது. 48 வோல்ற் மின்னூட்டம் வேண்டும். மெல்லிய மூச்சையும் பிடிக்கும். அத்துடன் அயல்வீட்டு நாயையும் பிடிக்கும். டைனமிக் வகை அவ்வளவு நுட்பமற்றது. வாயருகே வைத்தாற் பாடுபவரை மட்டும் நன்கு பிடிக்கும். எம் அறைக்கு ஏற்றது இரண்டாவதே. 1966 முதல் உலகமெங்கும் மேடைகளிற் காணப்படும் ஷுவர் எஸ்.எம். 58 ஒன்றை 38,000 ரூபாவுக்கு வாங்கினோம். அதைக் கணினியுடன் இணைக்கும் இடைமுகப் பெட்டிக்கு 22,000. காதை மூடும் ஹெட்போனுக்கு 9,000. தாங்கிக்கும் கம்பிகளுக்கும் 6,000. கணினி பழையது, இனாம். ஓடாசிட்டி என்னும் பதிவு மென்பொருளும் இலவசம். 'ப', 'ப்ப' என்னும் எழுத்துக்கள் வெடிக்காமலிருக்கத் தையல் வளையத்தில் நைலோன் காலுறையை இழுத்துக் கட்டினோம். ஐந்நூறு ரூபாவும் ஆகவில்லை.

ஒலிவாங்கிக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினாற் கிடைக்கும் ஒலிச்சக்தி நான்கு மடங்காகும். இந்த ஒரு விதியை அறிந்தவன் ஆயிரக்கணக்கான ரூபாவை மிச்சப்படுத்துவான். இதை நாம் நூலிற் கற்குமுன்னே மிஷன் பாடசாலையிற் கற்றோம். அங்கே பாடற்குழுவில் ஒரேயொரு ஒலிவாங்கி. உரத்த குரலுடையோர் பின்னே, மென்குரலோர் முன்னே என்று ஆசிரியை எம்மைப் பிறை வடிவில் நிறுத்துவார். அதே பிறையிலேதான் இன்று பஜனைக் குழுவினரும் நிற்கின்றனர். நாதஸ்வரமும் தவிலும் மட்டும் இவ்வறைக்கு அடங்கமாட்டா. ஒருமுறை முயன்று, அயலவரிடம் நாம் வாங்கிய வசையை இங்கே கூறுதல் முறையன்று.

இப்போது கூற விரும்பாததொன்றையும் கூறல் வேண்டும்.

வெள்ளவத்தையில் எண்பத்துநான்கு வயதான ஆச்சி ஒருவர் இருந்தார். தம் தந்தையாரிடம் வாய்வழியே தேவாரம் பயின்றவர். பழம்பஞ்சுரத்தை அவர் இழுக்கும் முறையை வேறெங்கும் நாம் கேட்டதில்லை. அவரைக் கொட்டாஞ்சேனைக்கு அழைக்க இயலாதென்று கருவிகளை அவர் அறைக்கே கொண்டு சென்றோம். ஜன்னல்களைச் சாத்தினோம்; மின்விசிறியை நிறுத்தினோம். ஒரு பதிகம் முடியுமுன்னே வியர்த்துவிட்டார். "விசிறியைப் போட்டுவிடு மோனை, அவியுது" என்றார். எம்முள் ஒருவர் போட வேண்டுமென்றோம். ஒருவர் இன்னும் ஐந்து நிமிடம் பொறுக்கச் சொல்லலாமென்றோம். போட்டோம். பதினொரு பதிகங்கள் பாடினார். "மிச்சத்தைப் பிறகு பாடுவம்" என்றார். மழை குறைந்து சற்றுக் குளிர்ந்தபின் விசிறியின்றி முழுவதையும் மீண்டும் பதிவோமென்று நாமும் திட்டமிட்டிருந்தோம். ஐப்பசியில் ஆச்சி காலமானார்.

எம்மிடம் இருப்பது அந்த விசிறியிரைச்சலுடன் கூடிய பதினொரு பதிகங்களே. கணினியில் இரைச்சலை நீக்கும் வழியுண்டு. நீக்கிப் பார்த்தோம். இரைச்சல் போயிற்று, குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலாயிற்று, கமகங்களின் நுனிகள் தேய்ந்து போயின. ஆதலால் இரைச்சலை அப்படியே விட்டுவிட்டோம். விசிறியைப் போட்டது பிழையா என்று எமக்குள் இன்றும் வாதம் நடக்கின்றது. ஆச்சியின் மகளுக்கு அப்பதிவைக் கொடுத்தபோது, அவர் முதலில் அடையாளங் கண்டது அந்த விசிறியின் சத்தத்தைத்தான். "இது அம்மாவின்ரை அறை" என்றார்.

அதன்பின் எமது முறையை மாற்றினோம். முதியோர் பாடும்போது பனையோலை விசிறி ஒன்று அறையில் இருக்கும்; பாட்டுக்குப் பாட்டு இடையில் நாமே விசிறுவோம். முதல் நாளிலேயே, இனி ஒரு நாள் இல்லையென்றெண்ணிப் பதிகின்றோம். 24 பிற், 48,000 மாதிரி வேகத்தில் ஒரு மணி நேரத் தனிக்குரற் பதிவு ஏறக்குறைய 520 மெகாபைட் ஆகும். அதைச் சுருக்காமல் வேவ் கோப்பாகவே மூன்று பிரதி வைக்கின்றோம்: ஒன்று கொட்டாஞ்சேனையில், ஒன்று வெள்ளவத்தையில், ஒன்று இச்சங்க அலுமாரியில்.

சனிக்கிழமை இரவுகளில் அறை திறந்திருக்கும். தாலாட்டோ, ஒப்பாரியோ, ஊஞ்சற்பாட்டோ, தேவாரமோ அறிந்த பெரியோர் உங்கள் வீட்டில் இருந்தால் எமக்கு அறிவியுங்கள். படியேற இயலாதவராயின் நாமே வருவோம். பெட்டி சிறியது, பஸ்சிற் கொண்டு வரலாம். வரும் சனிக்கிழமைக்கு இருவர் பெயர் தந்துள்ளனர். அவர்களுள் ஒருவர், அன்று படுக்கையறையா என்று கேட்ட பெரியவர்.