மணிக் காதணித் தொழிலும் கூட்டுறவு முறையும்

(வில்லியனூர், பாகூர் கொம்யூன்களைச் சேர்ந்த கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களின் கூட்டத்தில் இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



மணிகளைக் கோத்துக் காதணி செய்யும் கைத்தொழிலை வீட்டிலிருந்தபடியே நடத்துவது பற்றிச் சில விஷயங்களை எடுத்துச் சொல்லும்படி பஞ்சாயத்தார் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். பெண் அங்கத்தினர்கள் சிலர் இத்தொழிலுக்காகச் சங்கத்தில் கடன் மனுக் கொடுத்திருப்பதாகவும் அறிகிறேன். அம்மனுக்கள் தீர்மானமாவதற்கு முன்னர் ஒரு கேள்விக்கு நாம் விடை கண்டாக வேண்டும். இத்தொழிலை ஒரு வார காலத்தில் எவரும் கற்றுக்கொள்ளலாம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு ஜோடி காதணி விலை போன பிறகு, அதைச் செய்த கைக்கு மிஞ்சுவது எவ்வளவு என்பதே அக்கேள்வி.

மணித்தொழில் நம் பிரதேசத்திற்குப் புதிதன்று. அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டை நீங்கள் அறிவீர்கள். 1937 ஆம் ஆண்டு வாக்கில் பிரெஞ்சுப் பேராசிரியர் ழூவோ துப்ராய் அவ்வூர்ச் சிறுவர்கள் மண்ணில் பொறுக்கி வைத்திருந்த மணிகளையும் கற்களையும் வாங்கிச் சேர்த்தார். 1945 இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்து, ரோமாபுரி நாடுகளோடு நடந்த வாணிகத்தை உலகுக்கு வெளிப்படுத்தினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அம்மையார் மீண்டும் அகழாய்வு நடத்தினார். கண்ணாடியை உருக்கி நீண்ட குழலாக இழுத்து, அதைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, மறுபடியும் சூடேற்றி முனைகளை மழுக்கிச் செய்த மணிகள் அங்கே ஏராளமாய்க் கிடைத்தன. அவ்வகை மணிகள் கீழ்க்கடல் நாடுகள் வரையில் பரவின. திருப்பதிக்கு அருகில் பாப்பாநாயுடுபேட்டையிலும் அதே முறையில் குழல் இழுத்து மணி செய்யும் தொழில் நம் காலம் வரை வழங்கி வந்திருக்கிறது. மணி கடல் கடந்து போயிற்று. அதன் லாபம் எவர் கையில் தங்கிற்று என்பதையே நாம் இன்று நம் வீட்டுத் திண்ணையில் வைத்து விசாரிக்கப் போகிறோம்.

முதலில் செய்முறை. கடைக்காரர்கள் சீட் பீட்ஸ் என்று சொல்லும் பொடிப் பாசிமணிகளுக்கு நம்பர் உண்டு. நெசவு தெரிந்த குடும்பத்தாருக்கு இது எளிதில் விளங்கும். நூலைப் போலவே மணியிலும் நம்பர் ஏற ஏறப் பொருள் நுண்ணியதாகும். 8 நம்பர் மணி ஏறத்தாழ 3 மில்லிமீட்டரும், 11 நம்பர் மணி ஏறத்தாழ 2 மில்லிமீட்டரும் இருக்கும். காசியிலிருந்தும் உத்தரப் பிரதேசத்துப் புர்தில்நகரிலிருந்தும் நம் நாட்டு மணிகள் வருகின்றன. செக் நாட்டு மணியும், ஜப்பானிய மணியும், சீன மணியும் சந்தையில் உண்டு. ஜப்பானிய மணிகள் ஒன்றுபோலவே அளவு ஒத்திருப்பதால் விலை அதிகம். மணிகளை வரிசை வரிசையாகப் பின்னித் தகடு போலச் செய்யும் வேலைக்கு மட்டுமே அவை வேண்டும். கோத்துத் தொங்கவிடும் சாதாரணக் காதணிக்கு நம் நாட்டு மணியே போதுமானது. புதிதாய்த் தொடங்குவோர் உயர்ந்த மணியைக் கொண்டு கற்க முயல்வது வீண் செலவென்பது என் அபிப்பிராயம்.

உபகரணங்கள் மூன்று குறடுகளே: கம்பியை வளைக்க உருண்டை மூக்குக் குறடு ஒன்று, பிடிக்கத் தட்டை மூக்குக் குறடு ஒன்று, வெட்டுவதற்கு ஒன்று. ஒரு முனையில் தலையுள்ள கம்பியில் மணிகளைக் கோத்து, மேலே ஒரு விரல் நக அளவு கம்பி விட்டு மிகுதியை வெட்டி, மணியின் தலையை ஒட்டினாற்போல் கம்பியைச் சாய்த்து, உருண்டை மூக்கில் சுற்றி வளையமாக்க வேண்டும். அவ்வளையத்தைக் காதுக் கொக்கியில் மாட்டி மூட வேண்டும். இதில் ஒரு நுட்பம் உண்டு. வளையத்தைத் திறக்கும்போது இரு முனைகளையும் எதிரெதிராக அகற்றி இழுத்தால் வட்டம் கெட்டுவிடும். பிறகு எவ்வளவு அழுத்தினாலும் சரியாய் மூடாது. ஒரு முனையை முன்னும் மற்றதைப் பின்னுமாகத் திருப்பித் திறந்து, அவ்வாறே திருப்பி மூட வேண்டும். கடைத்தெருவில் வாங்கிய காதணியின் மணி ஒரு வாரத்தில் கழன்று விழுவதற்குப் பெரும்பாலும் இந்த வளையமே காரணம். ஜோடியில் இரண்டையும் ஒருசேரச் செய்வது நலம். ஒன்றை இன்று முடித்து மற்றதை நாளை செய்தால், மணியின் எண்ணிக்கை ஒத்தாலும் நீளம் ஒவ்வாது.

கொக்கியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வாங்குபவர் மணியின் நிறத்தைப் பார்த்து வாங்குகிறார். ஆனால் காதின் துளைக்குள் புகுவது கொக்கி. மலிவான கொக்கிகளின் உலோகத்தில் நிக்கல் கலந்திருப்பதுண்டு. அது பலருக்குக் காதில் அரிப்பும் நீர்க்கசிவும் உண்டாக்கும். ஒருமுறை உண்டான ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுள் முழுவதும் நீங்குவதில்லை. இதன் பொருட்டே ஐரோப்பிய நாடுகள் 1994 இல் காதணி முதலியவற்றில் நிக்கல் வெளிப்படுவதைக் கட்டுப்படுத்த விதி செய்தன. புதுச்சேரிக் கடற்கரையில் காதணி வாங்கும் பிரயாணிகளில் அந்நாட்டாரும் உண்டு. நிக்கல் உள்ளதா என்று அவர்கள் கேட்கும்போது விற்பவர் விழிக்கக் கூடாது. வெள்ளிக் கொக்கி உத்தமம். அறுவைச் சிகிச்சைக் கருவிகளுக்குரிய தரமான எவர்சில்வர் கொக்கி மத்திமம். பெயர் தெரியாத பளபளப்பான கொக்கியை நாம் தொடவேண்டாம். கம்பி வாங்கிக் கொக்கியைத் தாமே வளைப்பவர்கள் 20 கேஜ் கம்பி எடுத்து, வெட்டிய முனையை உப்புத்தாளில் உருட்டித் தேய்த்து, தம் உள்ளங்கையில் இழுத்துப் பார்த்துக் கீறவில்லை என்று கண்ட பின்னரே மாட்ட வேண்டும்.

இனி நம் ஊர் மண்ணிலேயே ஆகும் மணி ஒன்று உண்டு. அதுதான் சுடுமண் மணி. வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அவ்வூர்ச் சுடுமண் கலைஞர் வி. கே. முனுசாமி அவர்களுக்கு இந்திய அரசாங்கம் 2020 இல் பத்மஸ்ரீ விருது வழங்கியது. சலித்துக் குழைத்த களிமண்ணை உருட்டி, ஈரம் பாதி வற்றிய நிலையில் ஈர்க்கால் துளையிட வேண்டும். மண் காய்ந்து வேகும்போது சுருங்குமாகையால், துளையும் மணியும் வேண்டிய அளவைவிடச் சற்றுப் பெரிதாகவே இருக்கட்டும். வெயிலில் உலர்த்தினால் வெடிக்கும். நிழலில் பல நாள் உலர்த்துக. உள்ளே துளி ஈரம் நின்றாலும் சூளையில் சிதறிப் பக்கத்து மணிகளையும் கெடுக்கும். இதற்கெனத் தனிச் சூளை போட எவரும் பணம் செலவிட வேண்டியதில்லை. மணிகளை மூடிய சட்டியிலிட்டு, குயவர் பானை சுடும் நாளில் அவர் சூளையிலேயே ஒரு மூலையில் வைத்துச் சுட்டு வாங்கிக்கொள்ளலாம். அதற்குரிய கூலியை அவருக்குக் கொடுத்துவிட வேண்டும். மண் மணிக்கு ஒரு குறையுண்டு, அது பாரம். பார்வைக்கு நன்றாயிருக்கிறதென்று பெரிதாய்ச் செய்தால் ஒருநாள் அணிந்தவர் மறுநாள் அணியமாட்டார். கண்ணாடிப் பாசியையும் சிறிய மண் மணியையும் கலந்து கோப்பது பாரத்தைக் குறைப்பதோடு, வேறெங்கும் கிடைக்காத ஒரு ஜாடையையும் காதணிக்குத் தரும்.

இப்போது கணக்குக்கு வருவோம். நான் சொல்லும் தொகைகள் உதாரணத்திற்கென எடுத்துக்கொண்டவை. அவரவர் தம் தொகையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு ஜோடிக்கு மணி 6 ரூபாய், கொக்கி 4 ரூபாய், வளையமும் கம்பியும் 2 ரூபாய், அட்டையும் உறையும் 3 ரூபாய், ஆகச் சாமான் செலவு 15 ரூபாய். செய்ய 40 நிமிஷம். பட்டணத்துக் கடைக்காரர் அதை 150 ரூபாய்க்கு விற்று, செய்தவருக்கு 45 ரூபாய் கொடுக்கிறார். 15 போட்டேன், 45 வந்தது, 30 லாபம் என்று அந்த அம்மாள் மகிழ்கிறார். அதில் உடைந்தது, நிறம் ஒவ்வாதது, அறுந்தது என்று ஜோடிக்கு 5 ரூபாய் கழித்தால் நிற்பது 25. இருபது ஜோடி செய்தால் 500 ரூபாய். உழைத்தது 13 மணி 20 நிமிஷம். அவற்றை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் புதுச்சேரி போய்வர 40 ரூபாயும் நான்கு மணி நேரமும் ஆயின. ஆக 17 மணி 20 நிமிஷ உழைப்புக்கு 460 ரூபாய். மணி ஒன்றுக்கு 27 ரூபாய்க்கும் குறைவு. லாபம் என்று அவர் சொன்னது முழுவதும் அவருடைய சொந்தக் கூலியே, அதுவும் குறைந்த கூலி. நடவுக்கோ களைக்கோ போயிருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை; பாகூர் ஏரிப் பாசனத்தில் வேலை செய்யும் தாய்மார்கள் என்னிலும் நன்றாக அறிவார்கள்.

இதிலும் அந்த 45 ரூபாய் கையில் வந்தால்தான் உண்டு. பல கடைகளில் சரக்கை வைத்துக்கொண்டு, விற்றால் தருகிறோம் என்பார்கள். மூன்று மாதம் கழித்துப் பாதிச் சரக்கு மங்கித் திரும்பி வரும். கடன் வாங்கி மணி வாங்கியவர் அந்த மூன்று மாத வட்டியைச் சங்கத்திற்குக் கட்டியாக வேண்டும். ஆகையால் தனித்தனி ஆளுக்கு மணி வாங்கக் கடன் கொடுக்கும் மனுக்களை நான் சிபாரிசு செய்யமாட்டேன். இதைக் கேட்டுச் சிலருக்கு மனத்தாங்கல் உண்டாகலாம்; மேலே சொல்வதையும் கேட்டு முடிவு செய்யுங்கள்.

மேற்படி பத்துப் பேர் சேர்ந்து, இருநூறு ஜோடியையும் ஒருவர் கையில் கொடுத்தனுப்பினால், பஸ் செலவு ஆளுக்கு 4 ரூபாயும் நேரம் ஆளுக்கு 24 நிமிஷமுமாகக் குறைகிறது. காதணி அதுவே, கடை அதுவே, விலையும் அதுவே. ஆனால் மணி ஒன்றுக்குக் கிடைப்பது 36 ரூபாய்க்கு உயர்கிறது. மணியையும் கொக்கியையும் டஜன் கணக்கில் சில்லறையாக வாங்காமல் கிலோக் கணக்கில் சங்கத்தின் பெயரில் வாங்கினால் சாமான் செலவும் இறங்கும். 1904 இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் சில நடுத்தரக் குடும்பத்தார் கூடிப் பண்டகசாலை ஏற்படுத்தியது, பலர் சேர்ந்து வாங்கினால் விலை குறையும் என்ற இந்த ஒரே நியாயத்தின் மேல்தான்.

வீட்டிலிருந்து செய்யும் வேலையைக் கூட்டாக நடத்த முடியுமா என்று கேட்பவர்களுக்குப் பம்பாயின் லிஜ்ஜத் அப்பளம் விடை சொல்லும். 1959 மார்ச்சில் கிர்காமில் ஏழு பெண்மணிகள் 80 ரூபாய் கடன் வாங்கித் தொடங்கியது அது. பிசைந்த மாவைப் பொது இடத்தில் நிறுத்து வாங்கிக்கொண்டு போய், வீட்டில் இட்டு, உலர்த்தி, திரும்பக் கொண்டுவந்து ஒப்புவிக்கிறார்கள். தரம் அங்கே பரிசோதிக்கப்படுகிறது. கூலி கைக்கு வருகிறது. மாவுக்குப் பதில் மணி என்று கொண்டால் நமக்கும் அம்முறை பொருந்தும். சங்கம் மணியையும் கொக்கியையும் நிறுத்தும் எண்ணியும் கொடுக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் செய்த ஜோடிகளை வாங்கி, வளையத்தை இழுத்துப் பார்த்து, கொக்கியைத் தடவிப் பார்த்து, தேறியவற்றிற்கு அன்றே கூலி கொடுக்க வேண்டும். தேறாததைத் திருப்பிக் கொடுப்பதில் தலைவர் வீட்டுப் பெண் என்றும் மற்றவர் என்றும் பேதம் பார்க்கலாகாது. பரிசோதனை செய்பவர் அந்த வாரம் தாம் செய்த ஜோடியைத் தாமே தேற்றிக்கொள்ளவும் கூடாது.

விற்பனைக்கு வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயில் தேரும், லூர்து அன்னை ஆலயத் திருவிழாவும், புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையும் உண்டு. அங்கே சங்கமே கடை வைத்தால் இடையில் போகும் தொகையில் ஒரு பகுதி நம்மிடமே நிற்கும். அட்டையில் என்ன அச்சடிப்பது என்பதில் மட்டும் ஜாக்கிரதை வேண்டும். வில்லியனூர்ச் சுடுமண் என்ற பெயரைச் சட்டப்படி அதற்கெனப் பதிவு பெற்றவரே, அவ்வூர் முறைப்படி செய்த பொருளுக்கே வழங்கலாம். சங்கம் அப்பதிவுக்கு மனுச் செய்யலாம். ஆனால் காசியிலிருந்து வாங்கிய கண்ணாடி மணியில் அப்பெயரை ஒட்டுவது குற்றம்; உண்மையாகவே மண்ணைப் பிசைபவருடைய சோற்றில் கைவைப்பதுமாகும்.

இன்னொன்று. பாசிமணியும் ஊசிமணியும் கோப்பதில் நரிக்குறவர் மக்களுக்கு இணையான கைவேகம் நமக்கு இல்லை. அவர்கள் கடை விரிக்கும் திருவிழாவிலேயே நாமும் போய் விலையைக் குறைத்துப் போட்டியிடுவதைவிட, அவர்களில் விருப்பமுள்ளவர்களைப் பங்கு கொடுத்து அங்கத்தினராக்கி, கோக்கும் வேலையைக் கற்றுத்தரச் சொல்லி, கற்பித்த நாளுக்குக் கூலி கொடுப்பது மேல்.

பஞ்சாயத்தார் முதலில் பார்க்க வேண்டியது, கூட்டாக வாங்கவும் விற்கவும் சங்கத்தின் துணைவிதிகளில் இடமிருக்கிறதா என்பது. இல்லையேல் பொதுக்கூட்டத்தில் திருத்தம் நிறைவேற்றி இலாகாவுக்கு அனுப்புங்கள். அது வருகிற வரையில் மனுச் செய்துள்ள அங்கத்தினர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, தினம் உட்கார்ந்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும், முடித்த ஜோடிகளையும், கெட்ட ஜோடிகளையும் ஒரு மாதம் எழுதி வாருங்கள். எழுதத் தெரியாதவர் வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதட்டும். அடுத்த தணிக்கைக்கு நான் வரும்போது கடன் மனுக்களோடு அந்த நோட்டுக்களையும் மேஜைமேல் வைத்தால், ஜோடிக்குக் கூலி எவ்வளவு என்று அன்றே நிர்ணயிக்கலாம்.