சூடாகும் வண்டிக்குக் காரணம் தேடும் கலை



பழைய அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் பட்டறைக்கு அதிகம் கொண்டுவரும் புகார்களில் ஒன்று, "வண்டி ஹீட் ஆகுது" என்பது. மேற்கு வங்கத்து உத்தரப்பாராவில் 2014-இல் உற்பத்தி நின்றுபோன கார் அது. வைத்திருப்பவர்கள் இன்றும் ஆசையாய் ஓட்டுகிறார்கள். அதன் சூட்டுக்குக் காரணம் கண்டுபிடிப்பதை நான் ஒரு கலையாகவே மதிக்கிறேன். இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

தேர்ந்த மெக்கானிக் ஸ்பானரைத் தொடுமுன் கேள்வி கேட்பார். "எப்ப சூடாகுது? சிக்னல்ல நிக்கும்போதா, பைபாஸ்ல போகும்போதா?" இதற்குச் சரியான பதில் கிடைத்தாலே பாதி வேலை முடிந்தது. நிற்கும்போது வெப்பமானியின் முள் ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் காற்று போதவில்லை. ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது ரேடியேட்டரின் முகப்பில் பூச்சியும் தூசியும் அப்பியிருக்கும். வேகமாக ஓடும்போது மட்டும் ஏறினால் தண்ணீர் ஓட்டம் குறைந்திருக்கிறது. கிளம்பிய சில நிமிடங்களிலேயே கொதித்தால் தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கலாம், ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அடுத்து, "சார்ஜ் லைட் எரிஞ்சுதா?" என்று கேட்பார். பழைய பெட்ரோல் அம்பாசிடரில் டைனமோ, வாட்டர் பம்ப், ஃபேன் மூன்றையும் ஒரே பெல்ட்தான் சுற்றுகிறது. பெல்ட் அறுந்தால் விளக்கு முதலில் சொல்லிவிடும்.

கீழ் ஹோஸ் பலரையும் ஏமாற்றும். ரேடியேட்டரின் அடியிலிருந்து பம்ப் தண்ணீரை இழுப்பது அதன் வழியாகத்தான். ரப்பர் பழசாகித் தொளதொளத்துவிட்டால், என்ஜின் வேகம் ஏறும்போது அந்த இழுப்பில் ஹோஸ் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் தடைபடும். வண்டியை நிறுத்திப் போனட்டைத் தூக்கும்போது பழையபடி உருண்டு நிற்கும். அதைப் பிடிக்க ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை மிதிக்க, இன்னொருவர் ஹோஸையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஹெட் கேஸ்கெட் சந்தேகத்தைத் தீர்க்கும் விதம் இன்னும் அழகு. காலையில், என்ஜின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கழுத்துவரை தண்ணீர் நிரப்பி, ஸ்டார்ட் செய்வார். பிறகு பேசமாட்டார், தண்ணீரைப் பார்ப்பார். தொடக்கத்தில் இரண்டொரு குமிழி வந்து அடங்கினால் பயமில்லை, உள்ளே தங்கிய காற்று அது. ஆக்ஸிலேட்டரைக் கூட்டக் கூட்ட இடைவிடாமல் குமிழி வந்தால், சிலிண்டரிலிருந்து வாயு தண்ணீர்ப் பாதைக்குள் கசிகிறது என்று அர்த்தம். குமிழி இல்லையென்றால் மேல் ஹோஸில் கைவைத்துக் காத்திருப்பார். சற்று நேரம் வெதுவெதுப்பாகவே இருந்த ஹோஸ் திடீரென்று சுடும். தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது. பிறகு என்ஜினை நிறுத்தி, ஃபேன் ஓய்ந்தபின், ரேடியேட்டரின் மேல் உள்ளங்கையை நகர்த்துவார். எங்கே சில்லென்று இருக்கிறதோ அங்கே குழாய் அடைத்திருக்கிறது. உப்பு மிகுந்த போர்வெல் தண்ணீரை ஊற்றி ஊற்றியே நாம் சம்பாதித்த அடைப்பு அது.

நம் பட்டறைகளில் ஒரு கெட்ட வழக்கம் வேரூன்றிவிட்டது. வண்டி சூடானால் உடனே தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூரப் போடுவது. "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு?" என்பார்கள். அது இல்லாவிட்டால் என்ஜின் தேவையான சூட்டுக்கு வர நேரமாகும், பெட்ரோல் கூடச் செலவாகும், சிலிண்டர் தேய்மானம் கூடும். அசல் நோயும் மறைந்துபோய், அடுத்த கோடையில் பெரிதாகித் திரும்பும். சந்தேகமிருந்தால் தெர்மோஸ்டாட்டை ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டு, தெர்மாமீட்டரோடு அடுப்பில் வைத்தால் போதும். 82 டிகிரி என்று பொறித்திருந்தால் அந்தச் சூட்டை ஒட்டித் திறக்க வேண்டும். பத்து நிமிட வேலை இது. செய்யாமல் விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

மலைக்குப் போகிறவர்கள் ரேடியேட்டர் மூடியை அலட்சியம் செய்யக்கூடாது. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி நல்ல நிலையில் இருந்தால், கடல்மட்டத்தில் தண்ணீர் 110 டிகிரியை எட்டும்வரை கொதிக்காது. மூடியின் வாஷர் இற்றுப்போய் அழுத்தம் நிற்கவில்லையென்றால், சுமார் 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் அதே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமவெளியில் ஒழுங்காக ஓடிய வண்டி குன்னூர் ஏற்றத்தில் ஆவி கக்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஏற்றத்தில் கொதித்துவிட்டால், சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள், முகம் வெந்துவிடும். கொதிக்கும் என்ஜினில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடும்.

இக்னிஷன் டைமிங் பின்தங்கினாலும் என்ஜின் சூடாகும். ரேடியேட்டர், பம்ப் என்று வரிசையாக மாற்றியும் சூடு தணியாத வண்டிகளில் இதைப் பார்க்கத் தோன்றுகிறவரே நல்ல மெக்கானிக்.

இப்படிப்பட்டவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அதில் நம் பங்கும் இருக்கிறது. புது வாட்டர் பம்ப்புக்குக் கேள்வி கேட்காமல் பணம் எண்ணித் தருகிறோம். ஒரு காலைப்பொழுது செலவழித்து, ஹோஸ்தான் காரணம் என்று கண்டு சொன்னவரிடம் பேரம் பேசுகிறோம். அப்புறம் அவர் எதற்குத் தேடுவார்? பம்ப்பையே மாற்றிவிட்டுப் போவார். வண்டி எப்போது, எங்கே, எத்தனை நேரத்தில் சூடாகிறது என்று குறித்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள். தேடுவதற்கு அவருக்கு அரைநாள் விடுங்கள். பாகம் எதுவும் மாற்றாவிட்டாலும், காரணத்தைக் கண்டுபிடித்ததற்கு முழுக் கூலி கொடுங்கள்.