சாவி உள்ளே இருக்கட்டும்

(தீயணைப்பு வாரத்தையொட்டிப் புனேயில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்பு வாரம். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் ‘போர்ட் ஸ்டிகீன்’ என்ற கப்பல் வெடித்தது. பஞ்சுப் பொதியையும் வெடிமருந்தையும் ஒரே கப்பலில் ஏற்றியிருந்தார்கள். அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் 66 பேர் மாண்டார்கள். அவர்கள் நினைவாகத்தான் இந்த வாரம். ஆபீசுகளில் சிவப்பு உருளையைக் காட்டி ஒரு மணி நேரம் வகுப்பு எடுப்பார்கள். நல்ல காரியம். அதைப் பற்றி நானும் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் பேச வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. அது பூட்டு.

2016 டிசம்பர் 30, விடியற்காலை. நமது புனேயின் கோந்த்வாவில் ஒரு பேக்கரி தீப்பிடித்தது. உள்ளே படுத்திருந்த ஆறு தொழிலாளிகள் செத்தார்கள். கடை வெளியே பூட்டியிருந்தது.

2019 மே 9, அதே விடியற்காலை நேரம். ஊருளி தேவாச்சியில் ஒரு சேலைக் கடை எரிந்தது. உள்ளே படுத்திருந்தவர்கள் ஐந்து பேர். ஐந்து பேரும் செத்தார்கள். அந்தக் கதவும் வெளியே பூட்டியிருந்தது.

இரண்டுக்கும் நடுவே இரண்டரை ஆண்டு கூட இல்லை. ஒரே ஊர், ஒரே மாதிரிப் பூட்டு, பதினொரு உயிர். நான் ரயில்வே குமாஸ்தா, கணக்கு எழுதுகிறவன். ஒரே தவறு இரண்டு முறை வந்தால் அதைக் கைப்பிசகு என்று எழுத மாட்டோம். முறையே தவறு என்று எழுதுவோம்.

ஏன் பூட்டுகிறார்கள்? சரக்குத் திருட்டுப் போகக் கூடாது. அவ்வளவுதான். பகலில் வேலை செய்கிறவன் இரவில் சம்பளமில்லாத காவல்காரன் ஆகிறான். அவனுக்கும் வேறு வழியில்லை. புனேயில் அறை வாடகை கொடுத்தால் ஊருக்கு அனுப்பப் பணம் மிஞ்சாது. ஆகவே கடைப் பரணில் படுக்கிறான். இரண்டு பேருக்கும் சௌகரியமாகத் தோன்றுகிற ஏற்பாடு இது. தீப்பிடிக்கும் இரவு வரைக்கும் சௌகரியம்தான்.

இது நம் ஊருக்கு மட்டும் உரியதும் இல்லை. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் டிரையாங்கிள் என்ற சட்டைத் தொழிற்சாலை எரிந்தது. 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் பிழைக்க வந்த இளம் பெண்கள். ஒன்பதாம் மாடியில் ஒரு கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள். வேலை முடிந்து போகும் பெண்களின் பைகளை மற்றொரு வாசலில் சோதிப்பதற்காக! சில கஜம் துணிக்காகப் பூட்டிய கதவு அது. முதலாளிகளை நீதிமன்றம் விடுதலை செய்தது. ஆனால் தொழிலாளர்கள் வீதிக்கு வந்தார்கள். அரசு விசாரணைக் குழு அமைத்தது. அதன் பிறகே அந்த மாநிலத்தில் தொழிற்சாலைப் பாதுகாப்புச் சட்டங்கள் வரிசையாக வந்தன. சாம்பலிலிருந்து சட்டம் தானாக முளைக்கவில்லை. மக்கள் கேட்டதால் வந்தது.

பகலில் பூட்டில்லாத இடத்திலும் இதே கதி உண்டு. 2021 ஜூன் 7 அன்று முள்ஷி தாலுகா உரவடேயில், எஸ்.வி.எஸ். அக்வா டெக்னாலஜீஸ் ரசாயனத் தொழிற்சாலையில் 17 பேர் கருகினார்கள். அவர்களில் 15 பேர் பெண்கள். சுவரை ஜேசிபி இயந்திரத்தால் இடிக்க வேண்டியிருந்தது. 2023 டிசம்பர் 8 அன்று தளவடேயில், பிறந்தநாள் கேக்கில் செருகும் பொறி மெழுகுவத்தி செய்த அனுமதியற்ற பட்டறையில் அன்றைக்கே ஆறு பெண்கள் இறந்தார்கள். பிறகு ஆஸ்பத்திரியில் இன்னும் பலர். தப்பிக்க வழியில்லாத அறையும் பூட்டிய அறைதான், தோழர்களே.

இனி, தீ எப்படிக் கொல்கிறது என்பதைச் சொல்கிறேன். பெரும்பாலோர் எரிந்து சாவதில்லை. புகையில் மூச்சு முட்டிச் சாகிறார்கள். 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் தங்கிய கட்டடம் எரிந்தபோது 45 இந்தியர்கள் இறந்தார்கள். அவர்களில் ஏழு பேர் தமிழர்கள். கீழ்த்தளத்தில் பிடித்த தீயின் புகை மேல் மாடிகளுக்கு ஏறித்தான் பலரைக் கொன்றது. தூங்குகிறவனைப் புகை எழுப்பாது. தூக்கத்தோடு சேர்த்து முடித்துவிடும். துணி, பிளாஸ்டிக், தெர்மோகோல் எரிந்தால் வரும் புகை விஷம். சில நிமிஷங்களே உங்களுக்கு இருக்கும். அந்த நிமிஷங்களில் சாவியைத் தேட முடியாது. முதலாளிக்குப் போன் போட்டு, அவர் வண்டியெடுத்து வந்து திறக்கும் வரை நுரையீரல் காத்திருக்காது.

ஆகவே ஒவ்வொருவரும் மனதில் வைக்க வேண்டியவை:

ஒன்று: வேலைக்குச் சேரும் முதல் நாளே வெளியேறும் வழி எத்தனை என்று எண்ணுங்கள். ஒன்றே ஒன்று என்றால் கேள்வி கேளுங்கள். வழியில் அட்டைப்பெட்டி அடுக்காதீர்கள்.

இரண்டு: புகை சூழ்ந்தால் நிமிர்ந்து ஓடாதீர்கள். நல்ல காற்று தரையோரம் இருக்கும். தவழ்ந்து போங்கள். வெளியே வந்தபின் பைக்கும் போனுக்கும் திரும்பிப் போகாதீர்கள்.

மூன்று: சிவப்பு உருளையின் பின்னை இழுங்கள். குழாயைத் தீயின் அடிவாரத்தை நோக்கிப் பிடித்து, பிடியை அமுக்கி, இடமும் வலமும் வீசுங்கள். ஜுவாலையின் தலையில் அடித்துப் பயனில்லை. முள் பச்சையில் இருக்கிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள். உருளை காலியாகியும் தீ அடங்காவிட்டால் வெளியேறுங்கள்.

நான்கு: மின்சாரத் தீயிலும் எண்ணெய்த் தீயிலும் தண்ணீர் ஊற்றாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். எண்ணெய்ச் சட்டியை மூடியால் மூடி அடுப்பை அணையுங்கள்.

ஐந்து: சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். வாசனை வந்தால் சுவிட்சைத் தொடாதீர்கள், கதவைத் திறங்கள். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை யார்டில் நின்ற சுற்றுலா ரயில் பெட்டியில் ஒளித்துக் கொண்டுவந்த சிலிண்டரால் 9 பேர் இறந்ததை ரயில்காரர்கள் மறக்கவில்லை.

ஆறு: 101 அல்லது 112 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். புதிதாக வந்த தம்பிகளுக்குச் சொல்கிறேன்: ‘ஆக் லாக்லி’ என்றால் மராத்தியில் தீப்பிடித்தது. இந்த இரண்டு சொல்லையும் நீங்கள் வேலை செய்யும் தெருவின் பெயரையும் இன்றே மனப்பாடம் செய்யுங்கள். அக்கம்பக்கத்தார் ஓடிவர மொழி வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? மகாராஷ்டிரத் தீத்தடுப்பு, உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 2006ல் இயற்றப்பட்டது. அதன்கீழ் வரும் கட்டடங்களில் தீயணைப்புச் சாதனங்களை வைப்பதும் பராமரிப்பதும் உரிமையாளர் அல்லது குடியிருப்பவரின் கடமை. ஆண்டுக்கு இரு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும், உரிமம் பெற்ற நிறுவனத்தின் சான்று கொடுக்க வேண்டும். கேட்டுப் பாருங்கள், எத்தனை இடத்தில் காட்டுகிறார்கள் என்று! 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தால் அது தொழிற்சாலை. அதன் இடத்தில் வந்த புதிய சட்டத் தொகுப்பில் 20 பேர் வேண்டும். ஐந்தாறு பேர் வேலை செய்யும் கடைக்குப் பழைய வரம்பே எட்டவில்லை. புதிய வரம்பு இன்னும் தூரம் போய்விட்டது. சின்ன இடத்தில் எரியும் தீ சின்னதாக எரிவதில்லையே!

எனவே நாம் கேட்பது பெரிய திட்டம் இல்லை. உள்ளே ஆள் இருக்கும்போது வெளியே பூட்டக்கூடாது. பூட்டியே ஆகவேண்டுமென்றால் சாவி உள்ளே இருக்கிறவன் கையில் இருக்கட்டும். கதவு உள்ளிருந்து திறக்கட்டும். சரக்கு அடுக்கிய அறையில் யாரும் படுக்கக்கூடாது. இரண்டாவது வழி ஒன்று இருக்க வேண்டும். ஒரு தாழ்ப்பாளுக்கு என்ன செலவாகும் என்று முதலாளிகளே கணக்குப் போடட்டும்.

‘கேட்டால் வேலை போய்விடும்’ என்று சொல்வீர்கள். உண்மை. தனியாகக் கேட்கிறவனைக் கணக்கு முடித்து அனுப்புவார்கள். அதனால்தான் சங்கம். ஒரு தெருவில் பத்துக் கடை ஆட்கள் ஒரே நாளில், சங்கப் பிரதிநிதியோடு போய்க் கேட்டால் பத்துப் பேரையும் அனுப்ப முடியாது. நம் தமிழர்கள் நடத்தும் கடைகளிலும் இந்த வெளிப்பூட்டு உண்டு. ஊர்க்காரர் என்று வாய் மூடியிருக்க வேண்டாம், அங்கிருந்தே தொடங்குவோம். அண்ணாச்சி என்று கூப்பிடுகிற உறவுக்கு அந்த உரிமையாவது இருக்க வேண்டாமா?

இந்தக் கூட்டம் முடிந்து போகும்போது வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். இரவில் கடையிலோ குடோனிலோ படுக்கிறவர்கள் கடை இருக்கும் தெருவை மட்டும் எழுதுங்கள். உங்கள் பெயர் வேண்டாம். அடுத்த மாதம் அந்தத் தெருக்களுக்குச் சங்கம் வரும்.