கதவைத் திறப்பது வசதியா? விசுவாசமா?

நடுவர் அவர்களே! எதிரே வசதியாகவே உட்கார்ந்திருக்கும் வசதி அணியினரே! எங்களை விருந்தாளிகளாக உங்கள் வீட்டுக் கூடத்துக்குள் அனுமதித்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே!

எனக்கு முன்னால் பேசிய சகோதரி கேட்டாங்க: "சிலிண்டர் தீர்ந்துபோன வீட்ல விசுவாசத்தை வச்சுக் காப்பி போட முடியுமா?" நல்ல கேள்வி. நான் ஒன்று கேட்கிறேன். ரெண்டு சிலிண்டர் இருக்கிற வீட்டில் கதவு எத்தனை பேருக்குத் திறக்கிறது? வசதி வந்ததும் முதல் வேலையாகக் கதவில் ஓட்டை போட்டுக் கண்ணாடி வைக்கிறோம். எதுக்கு? நாம வீட்டில் இருக்கோமா இல்லையான்னு வந்த ஆளைப் பார்த்து முடிவு பண்றதுக்கு! (சிரிப்பு)

விருந்து என்றால் இன்று நமக்குச் சாப்பாடு. பழந்தமிழில் அதற்குப் புதுமை என்று பொருள். புதிதாய் வந்தவர் என்றும் பொருள். புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியில் விருந்தோம்பலுக்கு 'ஃபிலோக்செனியா' என்று பெயர். அந்நியர்மேல் அன்பு என்று அர்த்தம். மச்சானைக் கூப்பிட்டுப் பிரியாணி போட்டால் அது உறவு. முன்பின் தெரியாதவருக்கு இலை போட்டால்தானய்யா அது விருந்து! (கைதட்டல்)

அந்நியனை ஏற்றுக்கொண்டவன் தம்மையே ஏற்றுக்கொண்டான் என்கிறார் இயேசு. மத்தேயு 25ஆம் அதிகாரம். அதை நம்புகிறவனுக்கு வாசலில் நிற்பவர் தொந்தரவு இல்லை, தரிசனம்!

6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் மடத்துக்கு ஒழுங்குமுறை எழுதினார். யாராவது கதவைத் தட்டினால், காவலிருக்கும் துறவி முதலில் கடவுளுக்கு நன்றி சொல்ல வேண்டுமாம். நாம என்ன சொல்றோம்? "யாருப்பா இந்த நேரத்துல!" (பலத்த சிரிப்பு) ஏழைகளையும் யாத்திரிகர்களையும் தனிக் கவனத்தோடு வரவேற்கச் சொன்னார். பணக்காரருக்கு மரியாதை தானாகக் கிடைத்துவிடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"அதெல்லாம் மடத்துக்கு, குடும்பத்துக்கு ஆகுமா?" என்பீர்கள். தென் பிரான்சில் லெ ஷாம்போன் என்று ஒரு மலையூர். 1940இல் நாடு ஹிட்லரின் படையிடம் வீழ்ந்தது. ரொட்டிக்கும் ரேஷன். அந்தக் குளிர்காலத்தில் ஒரு யூதப் பெண் போதகர் ஆந்த்ரே திரோக்மேயின் வீட்டுக் கதவைத் தட்டினார். போதகரின் மனைவி மாக்தா உள்ளே வரச் சொன்னார். அவ்வளவுதான், அங்கிருந்து தொடங்கியது. அந்த ஊரும் சுற்றுக் கிராமங்களும் 1944 வரை காப்பாற்றியவர்கள் சுமார் 5,000 பேர் என்று கணக்கிடுகிறார்கள். அதில் 3,000 பேருக்கு மேல் யூதர்கள். சமைத்தவர்கள் சாதாரண விவசாயக் குடும்பங்கள்!

அதற்கு விலையும் கொடுத்தார்கள். போதகரின் உறவினர் தானியேல் திரோக்மே, தம் பொறுப்பில் இருந்த மாணவர்களோடு 1943இல் கைதானார். மறு ஆண்டு மைதானெக் வதைமுகாமில் உயிர்விட்டார். வசதி இருக்கிறவன் சோறு போடலாம், சகோதரி. தன் உயிரையே இலையில் வைக்கிறவன் யார்? விசுவாசி! (நீண்ட கைதட்டல்)

நடுவர் அவர்களே, தீர்ப்புக்கு முன் பெத்லகேமை ஒருதரம் நினைத்துக்கொள்ளுங்கள். அறைகள் இருந்த சத்திரத்தில் அன்றைக்கு இடமில்லை. மாடு தின்னும் முன்னணையில் இடம் இருந்தது. வசதி கைவிரித்த இடத்தில்தான் கிறிஸ்துமஸே பிறந்தது!